ஜூலை 14 தெரியும். ஜூலை 17 தெரியுமா?

ஆண்டுதோறும் ஜூலை 14 வந்தால் பாரிஸ் நகரில் ராணுவ அணிவகுப்பு நடக்கிறது. நமது புதுச்சேரியிலும் கூட, பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் பதக்கங்களை அணிந்துகொண்டு அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். 1789-ஆம் ஆண்டு அந்தத் தேதியில்தான் பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டைச் சிறையைத் தாக்கிக் கைப்பற்றினார்கள். உலக சரித்திரத்தில் அது மகத்தான நாள் என்பதில் இருவேறு அபிப்பிராயத்திற்கு இடமில்லை.

ஆனால் அதே ஜூலை மாதத்தில் இன்னொரு தேதி இருக்கிறது. அதற்கு அணிவகுப்பு இல்லை. வாண வேடிக்கை இல்லை. அது ஜூலை 17.

1791-ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று, பாரிஸில் ஒரு மனுவில் கையெழுத்திடக் கூடியிருந்த சாதாரண ஜனங்கள் மீது, புரட்சியில் பிறந்த காவல் படையே துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. 1793-ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று, பிரெஞ்சுக் குடியானவர்களை நூற்றாண்டுக் கணக்கில் நசுக்கிவந்த நிலப்பிரபுத்துவப் பாத்தியதைகள் அனைத்தும் ஒரு காசு நஷ்டஈடு இல்லாமல் ஒழிக்கப்பட்டன. அந்தப் பாத்தியதைகளுக்கு ஆதாரமான பத்திரங்களைப் பகிரங்கமாகக் கொளுத்த வேண்டும் என்றும் சட்டம் செய்யப்பட்டது.

முதல் சம்பவத்துக்கும் இரண்டாவது சம்பவத்துக்கும் இடையே இரண்டே வருடங்கள். இந்த இரண்டு வருடங்களில் என்ன நடந்தது என்று அறிந்துகொண்டால், பிரபு வர்க்கத்துக்கும் பூர்ஷுவா வர்க்கத்துக்கும் இடையே இருந்த உறவு நன்கு விளங்கிவிடும். அதைத்தான் இந்த வாரம் நமது வாசகர்களுடன் பரிசீலிக்க விரும்புகிறோம்.

இரண்டு கதைகள்

பிரபுவையும் பூர்ஷுவாவையும் பற்றி இரண்டு கதைகள் வழங்கி வருகின்றன.

முதல் கதை பள்ளிக்கூடப் புத்தகத்தின் கதை. வியாபாரமும் தொழிலும் வளர்ந்தன, நடுத்தர வகுப்பு வளர்ந்தது, அது சுதந்திரம், சமத்துவம் என்ற கொடியை உயர்த்திப் பிரபுக்களைக் கவிழ்த்தது, ஜனநாயகம் மலர்ந்தது. இந்தக் கதையில் பூர்ஷுவா வீரன், பிரபு வில்லன், குடியானவனும் கூலிக்காரனும் மேடையின் பின்னால் கோஷம் போடும் கூட்டம்.

இரண்டாவது கதை பல்கலைக்கழகங்களில் பிறந்த கதை. லண்டன் பேராசிரியர் ஆல்பிரட் கோபன் 1954-இல் ஒரு சொற்பொழிவிலும், 1964-இல் வெளிவந்த ஒரு நூலிலும் இதற்கு அஸ்திவாரம் போட்டார். அவரைத் தொடர்ந்து வந்தவர்கள் மேலும் சென்றார்கள். பிரான்சில் பணம் சேர்த்த பூர்ஷுவா பிரபுப் பட்டத்தை விலைக்கு வாங்கினான். பிரபுவும் சுரங்கத்திலும் வியாபாரத்திலும் பணம் போட்டான். இருவரும் கலந்து ஒரே கனவான் கூட்டமாகிவிட்டார்கள். ஆகவே வர்க்கப் போராட்டமும் இல்லை, பூர்ஷுவாப் புரட்சியும் இல்லை என்பது இவர்களுடைய வாதம்.

இரண்டு கதைகளும் எதிரெதிரானவை போலத் தோன்றும். ஆனால் இரண்டிலும் ஒரே ஆள் காணாமற் போகிறான். வரப்பில் நின்று மேல்வாரம் அளந்து கொடுத்த குடியானவன்தான் அந்த ஆள். அவனைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

இங்கிலாந்தில் நடந்த கட்டித் தழுவல்

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். 1640-இல் பார்லிமெண்டு கூடியது. 1642-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. மன்னர் சார்லஸ் ஒருபுறம், பார்லிமெண்டு மறுபுறம். லண்டன் நகரத்து வியாபாரிகளில் பெரும் பகுதி பார்லிமெண்டை ஆதரித்தது. ஆனால் பார்லிமெண்டின் படைகளுக்கு முதலில் தலைமை தாங்கியவர்கள் யார்? எஸ்ஸெக்ஸ் பிரபு, மான்செஸ்டர் பிரபு போன்றவர்களே. இவர்களுக்கு வெற்றி பெறவே பயம். மன்னரை 99 தடவை தோற்கடித்தாலும் அவர் மன்னர்தான், அவர் ஒரே ஒரு தடவை ஜெயித்தால் நமக்குத் தூக்குக் கயிறு என்று மான்செஸ்டர் 1644-இல் வாதாடினார். கடைசியில் 1645-இல் இந்தப் பிரபுக்களைத் தளபதிப் பதவியிலிருந்து விலக்கிப் புதிய சேனை அமைத்த பிறகுதான் நேஸ்பி போர்க்களத்தில் மன்னர் முறியடிக்கப்பட்டார். அந்தச் சேனையில் போராடியவர்கள் சிறு விவசாயிகள், செருப்புத் தைப்பவர்கள், நெசவாளர்கள், கைவினைஞர்கள்.

போராடியவர்கள் உரிமை கேட்டார்கள். 1647 அக்டோபரில் புட்னி என்ற ஊரின் மாதாகோயிலில் சேனையின் விவாதம் நடந்தது. மிகமிக ஏழையான மனிதனுக்கும் தன்னை ஆளும் அரசாங்கத்தைத் தேர்ந்தெடுக்க உரிமை உண்டு என்று கர்னல் ரெயின்பரோ வாதாடினார். நாட்டில் நிலையான சொத்து உள்ளவனுக்கே வாக்கு என்று கிராம்வெல்லின் மருமகன் அயர்டன் பதில் சொன்னார். அன்று பிளவு வெளிப்பட்டுவிட்டது.

1649 ஜனவரி 30 அன்று மன்னர் சிரச்சேதம் செய்யப்பட்டார். பிரபுக்கள் சபையும் கலைக்கப்பட்டது. பிரபுக்களின் கதை முடிந்தது என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் நடந்தது என்ன? நான்கே மாதத்தில், 1649 மே மாதம், 'சமன் செய்வோர்' என்று அழைக்கப்பட்ட ஜனநாயகவாதிகளைப் பின்பற்றிய சிப்பாய்களைக் கிராம்வெல் நள்ளிரவில் சூழ்ந்து பிடித்தார். பர்போர்டு என்ற ஊர் மாதாகோயில் வளாகத்தில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் லண்டன் நகரத்துப் பெரும் வியாபாரிகள் கிராம்வெல்லுக்குத் தடபுடலாக விருந்து வைத்தார்கள். மன்னரின் தலையை வாங்கியதற்காகத் தந்த விருந்து அல்ல அது; சமன் செய்வோரை அடக்கியதற்காகத் தந்த விருந்து!

அதே வருடம் ஏப்ரலில் ஜெரார்ட் வின்ஸ்டன்லி என்பவரும் அவருடைய தோழர்களும் சர்ரே ஜில்லாவில் தரிசு நிலத்தை வெட்டிக் கூட்டாகப் பயிரிட ஆரம்பித்தார்கள். மன்னர் போனாலும் மன்னராட்சியின் பலம் நிலப்பிரபுக்கள் வடிவில் நீடிக்கிறது என்பது வின்ஸ்டன்லியின் கருத்து. அவர் சொன்னது சரி என்பதை நிலவுடைமையாளர்கள் நிரூபித்துக் காட்டினார்கள். 1650 ஏப்ரலில் அவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன.

இனி கணக்கைப் பார்ப்போம். இந்தப் புரட்சியில் நிலப்பிரபுத்துவம் ஒழிந்ததா? ஒரு பாதி ஒழிந்தது. பெரிய நிலவுடைமையாளர்கள் மன்னருக்குச் செலுத்த வேண்டியிருந்த பழைய கடமைகள் 1646-இல் நிறுத்தப்பட்டன. 1660-இல் மன்னராட்சி திரும்பி வந்தபோது அந்த ஒழிப்பு சட்டமாக ஊர்ஜிதம் செய்யப்பட்டது. மன்னருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது என்ற கேள்வி பிறந்தது. நிலத்தின் மீது வரி போடலாம் என்ற யோசனை தோற்றது. பீர் முதலிய பானங்களின் மீது வரி விழுந்தது. நிலப்பிரபுவின் சுமை இறங்கியது. அதைச் சுமந்தவன் கூலிக்காரன்.

மற்றொரு பாதியோ அப்படியே நின்றது. குடியானவர்கள் பண்ணைப் பிரபுவுக்குச் செலுத்த வேண்டிய கடமைகளை, 'காப்பிஹோல்டு' என்ற கீழ்ப் பாத்தியத்தை, அதே 1660-ஆம் வருடச் சட்டம் தொடாமல் பாதுகாத்தது. அது எப்போது முடிந்தது தெரியுமா? 1926 ஜனவரி 1 அன்று! பிரபுவின் விலங்கு 1660-இல் கழன்றது. குடியானவனின் விலங்கு கழல மேலும் 265 வருடங்கள் ஆயின.

இதற்கிடையே 1688-ஐ ரத்தம் சிந்தாத மகத்தான புரட்சி என்று ஆங்கிலேய சரித்திர ஆசிரியர்கள் புகழ்கிறார்கள். அயர்லாந்தில் ஓடிய ரத்தத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஹாலந்திலிருந்து வில்லியத்தை வரவழைத்து எழுதிய கடிதத்தில் கையெழுத்திட்டவர்கள் ஏழு பேர். ஒருவர் பிஷப்; மற்றவர்கள் பிரபுக்கள் அல்லது பிரபு குடும்பத்தினர். அதன் பலன் யாருக்குக் கிடைத்தது? தானியத்தை ஏற்றுமதி செய்தால் அரசாங்கமே வெகுமதி தரும் என்று 1689-இல் சட்டம் வந்தது, அது நிலப்பிரபுவுக்கு. 1694-இல் இங்கிலாந்து வங்கி பிறந்தது, அரசாங்கத்துக்கு 12 லட்சம் பவுன் கடன் கொடுத்து, நூற்றுக்கு எட்டு வீதம் வட்டி வாங்கியது, அது பணமூட்டைக்காரனுக்கு. பொது மேய்ச்சல் நிலங்களை வேலியிட்டு வளைக்கப் பார்லிமெண்டு சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டது. 1604 முதல் 1914 வரை இத்தகைய சட்டங்கள் 5,200-க்கு மேல். வளைக்கப்பட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். அப்படி நிலத்தை இழந்தவன்தான் ஆலை வாசலில் கூலியாகப் போய் நின்றான்.

இங்கிலாந்தில் பிரபுவும் பூர்ஷுவாவும் இப்படிக் கட்டித் தழுவ முடிந்ததன் காரணத்தை மார்க்சும் எங்கெல்சும் 1850-லேயே விளக்கியிருக்கிறார்கள். அங்கே பெரிய நிலவுடைமையாளன் பழைய பாணிப் பிரபுவாக இல்லை. ஆட்டு ரோமத்தை விற்றான்; நிலத்தை ரொக்கக் குத்தகைக்கு விட்டான்; லாபக் கணக்குப் பார்த்தான். அவனுடைய நிலம் ஏற்கெனவே மூலதனமாக மாறிவிட்டது. ஆகவே பூர்ஷுவாவுக்கு அவன் எதிரியாக இல்லை, கூட்டாளியானான். 1649-இல் கலைக்கப்பட்ட பிரபுக்கள் சபை 1660-இல் திரும்பி வந்தது. பரம்பரைப் பிரபுக்களை அதிலிருந்து விலக்கச் சட்டம் செய்த 1999-இல் கூட, அவர்களில் 92 பேருக்கு இடம் ஒதுக்கியே விட்டார்கள்!

ஒரே இரவில் ஒழிந்ததா?

இப்போது பிரான்சுக்கு வருவோம். பிரெஞ்சுப் பிரபு ஆங்கிலப் பிரபுவைப் போன்றவனல்ல என்பார்கள். உண்மைதான். பிரெஞ்சுப் பிரபுவின் வருமானத்தில் முக்கியமான பங்கு பழைய பாத்தியதைகளிலிருந்து வந்தது. விளைச்சலில் மேல்வாரம், நிலம் கைமாறினால் கட்டணம், பிரபுவின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும், பிரபுவின் அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும், அதற்கும் கூலி, பல இடங்களில் வெட்டி வேலை. பிரபுவின் புறா பயிரைக் கொத்தித் தின்றாலும் குடியானவன் அதன் மீது கல் எறியக் கூடாது. இத்தனைக்கும் மேல் கோயிலுக்குத் தசமபாகம், ராஜாவுக்கு வரி.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாத்தியதைகளை அனுபவித்தவர்கள் எல்லோரும் பரம்பரைப் பிரபுக்கள் அல்ல. நகரத்து வியாபாரியும் வக்கீலும் அவற்றை விலைக்கு வாங்கியிருந்தார்கள். பழைய பத்திரங்களைத் தோண்டியெடுத்து, மறந்துபோன பாக்கிகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதே ஒரு தனித் தொழிலாக இருந்தது. பின்னாளில் கம்யூனிஸ்ட் சமத்துவத்துக்காக உயிர் கொடுத்த பாபெஃப் முதலில் இந்தத் தொழிலைத்தான் செய்தவர். பத்திரங்களுக்குள் புதைந்திருந்த அநியாயத்தை அவர் அங்கேதான் கற்றார்.

1789 ஜூலை கடைசியில் கிராமங்கள் எழுந்தன. குடியானவர்கள் பிரபுக்களின் மாளிகைகளுக்குள் புகுந்து, பத்திரங்களை வாரி எடுத்துக் கொளுத்தினார்கள். பத்திரம் கொடுக்க மறுத்த இடத்தில் மாளிகையே எரிந்தது. வெர்செய் நகரில் கூடியிருந்த தேசிய சபை நடுங்கியது. ஆகஸ்டு 4 மாலை சபையின் முன் இருந்த நகல் தீர்மானம், சொத்துரிமையை மதியுங்கள், பாக்கியைக் கட்டுங்கள் என்று குடியானவர்களுக்கு உபதேசம் செய்யும் தீர்மானமே. உபதேசம் எடுபடாது என்று கண்ட பிறகுதான் நொவாய் பிரபுவும் எகுய்யோன் கோமகனும் எழுந்து பாத்தியதைகளை விட்டுக்கொடுக்க முன்வந்தார்கள். எல்லோரும் கண்ணீர் மல்க எழுந்து எழுந்து துறந்தார்கள். நிலப்பிரபுத்துவம் முழுவதும் ஒழிந்தது என்று பிரகடனம் வெளிவந்தது.

இதைத்தான் பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லுகிறது. அதற்குப் பிறகு வந்த ஷரத்துக்களை அது சொல்லுவதில்லை.

விலைப் பட்டியல்

1790 மார்ச் 15-லும் மே 3-லும் வந்த சட்டங்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும். பாத்தியதைகள் இரண்டு ரகமாகப் பிரிக்கப்பட்டன. ஆளைப் பற்றியவை ஒழிந்தன. நிலத்தைப் பற்றியவை பிரபுவின் நியாயமான சொத்து என்று கருதப்பட்டன. வேண்டாம் என்றால் குடியானவன் விலை கொடுத்து மீட்டுக்கொள்ளலாம்! ரொக்கமாகச் செலுத்தும் பாக்கியதைக்கு வருடத் தொகையைப் போல் 20 மடங்கு. தானியமாகச் செலுத்துவதற்கு 25 மடங்கு. வருடத்துக்குப் பத்து நாணயம் மதிப்புள்ள தானியத்தை மேல்வாரமாக அளந்தவன் ஒரே தடவையாக 250 நாணயம் எண்ணி வைத்தால்தான் அவன் நிலம் விடுதலை பெறும். பழைய பாக்கி தனி. அதுவரை வழக்கம் போல் அளக்க வேண்டும். பாத்தியதை அநியாயமாக வந்தது என்று குடியானவன் நினைத்தால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவன் தலையில்தான். பத்திரமோ பிரபுவின் பெட்டியில்!

இந்தச் சட்டத்தைச் செய்தவர்கள் யார்? மூன்றாம் வகுப்பாரின் பிரதிநிதிகள்; அதாவது பூர்ஷுவாக்கள். அரண்மனையில் பிரபுவை எதிர்த்து முழங்கியவர்கள், கிராமத்தில் அதே பிரபுவின் பாக்கியை வசூலித்துக் கொடுக்கும் ஏஜெண்டுகளாக நின்றார்கள். சொத்து என்ற வார்த்தை வந்ததும் பிரபுவும் பூர்ஷுவாவும் ஒரே பாஷை பேசினார்கள். பிரபுவின் பத்திரத்தை இன்று எரிக்க விட்டால், நாளை நம்முடைய பத்திரம் என்ன ஆகும் என்பதே பூர்ஷுவாவின் கவலை.

அதே காலத்தில் மூன்று நாள் கூலிக்குச் சமமான நேர்முக வரி செலுத்தாத ஆண்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. பெண்கள் கணக்கிலேயே இல்லை. 1791 ஜூன் 14 அன்று தொழிலாளர்கள் கூட்டுச் சேருவதையும் வேலைநிறுத்தம் செய்வதையும் தடை செய்யும் லெ ஷாப்லியே சட்டம் வந்தது. பிரான்சில் வேலைநிறுத்த உரிமை 1864-இல்தான் கிடைத்தது. தொழிற்சங்க உரிமை 1884-இல்தான் கிடைத்தது.

முதல் ஜூலை 17

1791 ஜூன் மாதம் மன்னர் பதினாறாம் லூயி வேலைக்காரன் வேஷத்தில் ஓட முயன்று வழியில் பிடிபட்டார். குற்றவாளியை நீக்கு என்று பாரிஸ் கேட்டது. தேசிய சபை என்ன செய்தது? மன்னரை யாரோ கடத்திக்கொண்டு போனார்கள் என்று கதை கட்டிச் சிம்மாசனத்தைக் காப்பாற்றியது. ஜூலை 15 அன்று பார்னாவ் என்ற வக்கீல் சபையில் மனம் விட்டுப் பேசினார். சுதந்திரத்தில் இன்னும் ஓர் அடி வைத்தால் மன்னராட்சி அழியும், சமத்துவத்தில் இன்னும் ஓர் அடி வைத்தால் சொத்துரிமை அழியும், ஆகவே புரட்சியை இத்துடன் நிறுத்த வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம்.

இரண்டு நாள் கழித்து ஷான் தெ மார்ஸ் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திடக் கூடினார்கள். மேயர் பாய்யி ராணுவச் சட்டத்தின் அடையாளமாகச் செங்கொடியை ஏற்றச் செய்தார். ஆம், அன்று செங்கொடி மக்களைச் சுடுவதற்கு முன் காட்டும் எச்சரிக்கைக் கொடி! அதைப் பின்னாளில் மக்கள் பறித்துத் தங்கள் கொடியாக்கிக் கொண்டார்கள். லஃபாயெத் தலைமையில் தேசியக் காவல் படை சுட்டது. பலர் மாண்டனர்.

மேயர் பாய்யி மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த விஞ்ஞானி. தளபதி லஃபாயெத் ஒரு பிரபு. 1789 ஜூன் மாதம் மன்னரை எதிர்த்து உறுதிமொழி எடுத்த சபைக்குத் தலைமை வகித்தவரே பாய்யி. பூர்ஷுவாவும் பிரபுவும் அன்று சேர்ந்து நின்றார்கள். எதிரே நின்றவர்கள் கைவினைஞர்களும் கூலிக்காரர்களும். இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுமா?

இரண்டாவது ஜூலை 17

அப்படியானால் அந்தப் பேரம் ஏன் இங்கிலாந்தைப் போல நிலைக்கவில்லை? மூன்று காரணங்கள்.

முதலாவது, மன்னரும் பெரும் பிரபுக்களும் பேரத்துக்கு இணங்கவில்லை. அந்நிய மன்னர்களின் படையை நம்பினார்கள். 1792-இல் யுத்தம் வந்தது. இரண்டாவது, பாரிஸ் ஏழைகள் ரொட்டிக்காகவும் தேசத்தின் பாதுகாப்புக்காகவும் மீண்டும் எழுந்தார்கள். 1792 ஆகஸ்டு 10 அன்று அரண்மனையைத் தாக்கி மன்னராட்சியை வீழ்த்தினார்கள். மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் நீடித்தது: குடியானவன் விலை கொடுக்க மறுத்துவிட்டான். பல பிரதேசங்களில் அவன் மீட்பும் செய்யவில்லை, மேல்வாரமும் அளக்கவில்லை. ஆள் அனுப்பினால் அடித்துத் துரத்தினான். 1789-லிருந்து 1792 வரை கிராமக் கலகம் அடங்கவே இல்லை. பேராசிரியர் ஜார்ஜ் லெஃபெவ்ர் 1924-இல் வெளியிட்ட தமது ஆராய்ச்சியில் வட பிரான்சின் குடியானவர்களை ஆராய்ந்து, பூர்ஷுவாப் புரட்சிக்குள்ளேயே குடியானவர் புரட்சி என்ற தனி இயக்கம் ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டினார்.

பலன் படிப்படியாக வந்தது. அரண்மனை விழுந்து 15 நாளில், 1792 ஆகஸ்டு 25 அன்று, நிரூபிக்கும் பொறுப்பு பிரபுவின் தலைக்கு மாறியது. மூலப்பத்திரம் காட்டினால்தான் பாக்கி. 1793 ஜூன் 2 அன்று பாரிஸ் மக்கள் ஆயுதமேந்தி வந்து, தடையாக இருந்த ஜிரோந்தின் கட்சித் தலைவர்களைச் சபையிலிருந்து வெளியேற்றினார்கள். எல்லையில் அந்நியப் படை. உள்நாட்டில் வாந்தே கலகம். குடியானவனின் பிள்ளைகள் போர்முனைக்குப் போகாமல் குடியரசு பிழைக்காது. அந்த நெருக்கடியில்தான், 1793 ஜூலை 17 அன்று, நஷ்டஈடு இல்லாத ஒழிப்புச் சட்டம் பிறந்தது. மூன்று மாதத்துக்குள் பத்திரங்களைக் கிராம அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அவை ஜனங்கள் முன்னிலையில் கொளுத்தப்படும். ஒளித்து வைப்பவனுக்கு ஐந்து வருடம் விலங்குத் தண்டனை.

1789-இல் குடியானவன் செய்தபோது அது கொள்ளை, கலகம். 1793-இல் அதுவே சட்டம்! நான்கு வருடம் அவன் பின்வாங்காமல் நின்றதால் வந்த சட்டம் அது. 1814-இல் பழைய ராஜ வம்சம் திரும்பியது. ஓடிப்போன பிரபுக்களுக்கு 1825-இல் கிட்டத்தட்ட 100 கோடி பிராங்கு நஷ்டஈடு ஒதுக்கப்பட்டது. ஆனால் எரிந்த பத்திரத்தை மட்டும் எந்த மன்னராலும் மீண்டும் எழுத முடியவில்லை.

எல்லைக்கோடு

இதைச் சொல்லும்போது மிகைப்படுத்தவும் கூடாது. ஜூலை 17 சட்டத்தால் நிலத்தைக் கையில் வைத்திருந்த குடியானவனுக்குத்தான் முழுப் பலன். வாரக் குத்தகைக்காரனும் நிலமற்ற கூலியும் நிலம் பெறவில்லை. அதே வருடம் மார்ச் 18 அன்று, நிலத்தைப் பங்கிட வேண்டும் என்று கோருபவனுக்கு மரண தண்டனை என்று அதே சபை ஏகமனதாக விதித்திருந்தது. ஜேகோபின்களும் சொத்துரிமை என்ற எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை. 1794 ஜூலையில் ரோபெஸ்பியர் வீழ்ந்தார். அவ்வருட முடிவில் விலைக் கட்டுப்பாடு போயிற்று. 1795-இல் சொத்துள்ளவர்களுக்கு ஆட்சியைத் தரும் புதிய அரசியல் சட்டம் வந்தது. 1797-இல் பாபெஃப் கொல்லப்பட்டார். 1808-இல் நெப்போலியன் புதிய பிரபுக்களைச் சிருஷ்டித்தான். பூர்ஷுவாவின் மார்பில் மறுபடியும் பட்டயம் ஏறியது.

1848-இல் ஜெர்மன் பூர்ஷுவாக்கள் குடியானவர்களைக் கைவிட்டபோது, 1789-இன் பிரெஞ்சு பூர்ஷுவாக்கள் குடியானவர்களை ஒருபோதும் விட்டுப் பிரியவில்லை என்று மார்க்ஸ் ஒப்பிட்டு எழுதினார். ஜெர்மன் கோழைகளை அம்பலப்படுத்த அந்த ஒப்பீடு பொருத்தமானது. ஆனால் அந்தப் பிரெஞ்சு பூர்ஷுவாக்களும் தாமாக நிற்கவில்லை. பின்னாலிருந்து தள்ளியதால் நின்றார்கள் என்பதை 1790-இன் சட்டங்கள் நமக்குக் காட்டுகின்றன. இங்கிலாந்திலும் சிறு விவசாயியும் நகரத்து ஏழையும்தான் போரை இறுதிவரை நடத்தினார்கள் என்று 1892-இல் எங்கெல்ஸ் எழுதியதும் இதே பாடந்தான்.

பண்டிதர்களின் ஆட்சேபத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. 1789-இன் மூன்றாம் வகுப்புப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். ஆலை முதலாளிகளும் வியாபாரிகளும் சிறுபான்மையினர். பிரபுவும் பூர்ஷுவாவும் பல இடங்களில் கலந்திருந்தார்கள். இதையெல்லாம் நாம் மறுக்க வேண்டியதில்லை. கலந்திருந்ததால்தானே 20 மடங்கு, 25 மடங்கு என்று விலை வைத்தார்கள்! ஆனால் நாற்காலியில் அமர்ந்தவர்களின் ஜாதகத்தை மட்டும் ஆராய்ந்துவிட்டு வர்க்கப் போராட்டமே இல்லை என்று தீர்ப்புச் சொல்லுவது, களத்து மேட்டைப் பார்க்காமல் விளைச்சல் கணக்கு எழுதுவதற்குச் சமம்.

அதே 1793-இல் நமது நாட்டில்

இறுதியாக ஒரு விஷயம். பிரான்சில் பத்திரங்கள் நெருப்பில் விழுந்த அதே 1793-இல், மார்ச் 22 அன்று, கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைப் பிரகடனம் செய்தான். காரன்வாலிஸ் ஒரு பரம்பரை ஆங்கிலப் பிரபு. அவனை அனுப்பியது வியாபாரிகளின் கம்பெனி. 1688-இல் கட்டித் தழுவிய அதே இரு வர்க்கங்கள் கைகோத்து வந்து, வரி தண்டிக் கொடுத்துவந்த ஜமீன்தாரை நிலச் சொந்தக்காரனாக்கின. 1802-ஆம் வருட ரெகுலேஷன் மூலம் அது சென்னை ராஜதானிக்கும் வந்தது. ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் குடியானவன் ஜமீன்தாரின் குடியாக்கப்பட்டான். ஐரோப்பாவின் ஒரு மூலையில் எரிந்த பத்திரம், மற்றொரு கையால் நமக்குப் புதிதாக எழுதப்பட்டது. அதை ஒழிக்க 1948-இல் சென்னைச் சட்டசபையில் வந்த சட்டமும் நஷ்டஈடு கொடுத்தே ஒழித்தது. 1790-இன் பாதை அது. 1793-இன் பாதை அல்ல.

ஆகவே தோழர்களே, பிரபுவும் பூர்ஷுவாவும் ஜன்மப் பகைவர்களா, ஒரே வயிற்றுப் பிள்ளைகளா என்ற கேள்வியோடு நிற்க வேண்டாம். சமயத்துக்கு ஏற்பப் பகைப்பார்கள். சமயத்துக்கு ஏற்பத் தழுவுவார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: விலையை யார் கொடுப்பது? ஒழித்துவிட்டோம் என்று எந்தச் சபை எங்கே பிரகடனம் செய்தாலும், பிரகடனத்துக்குக் கைதட்டும் முன் கீழே உள்ள ஷரத்துக்களைப் படியுங்கள். அங்கே விலைப் பட்டியல் இருந்தால், இன்னும் ஜூலை 14-இல்தான் நிற்கிறோம் என்று அர்த்தம். ஜூலை 17-க்குப் போகும் வழியைப் பூர்ஷுவா காட்டமாட்டான். விலை கொடுக்க மாட்டோம் என்று நான்கு வருடம் உறுதியாக நின்ற அந்தப் பெயர் தெரியாத குடியானவர்கள்தான் அதைக் காட்டினார்கள்.